கீழே பட்டினி, மேலே பந்தி: ஒரு 1989 புல்லட்டின் ஜெட்டுகளை மாற்றிய விவரம்

வண்டி, 1989-ஆம் வருடத்து என்ஃபீல்டு புல்லட் 350 ஸ்டாண்டர்ட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், பாயின்ட் (பிளக்கில் பொறி வரவைக்கத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த இக்னிஷன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மிக்கார்ப் விஎம் 24. அதற்குள் பெட்ரோலை அளந்து விடும், பொடித் துளையுள்ள பித்தளைத் துண்டுகள்தான் ஜெட்டுகள். ஜப்பானின் மிக்குனி விஎம் வகையை ஒட்டி இந்தியாவில் செய்யப்பட்டது அது. 24 என்பது காற்று போகும் வழியின் விட்டம், மில்லிமீட்டரில். இதற்கு முந்தைய புல்லட்களில் அமால் கார்ப் இருக்கும். அதற்கு இங்கே எழுதியிருப்பதில் பாதிதான் பொருந்தும்.

வண்டிக்காரர் முப்பது வயதுக்குட்பட்டவர். அப்பா ஓட்டிய வண்டி. சில வருடம் வராந்தாவில் சும்மா நின்றதை எடுத்து மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். அவர் சொன்ன குறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. காலையில் சோக் போடாமல் எடுக்காது. சூடான பிறகும் சோக்கை எடுத்துவிட்டால் ஐட்லிங்கில் ஓடாது. சிக்னலில் கையைத் தளர்த்தினால் அணைந்துவிடும். மேம்பால இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். இவ்வளவும் பெட்ரோல் போதாத வண்டியின் லட்சணம்.

ஆனால் அதே வண்டி சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி முறுக்கினால் கறுப்புப் புகை தள்ளும். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடக்கும். இது பெட்ரோல் கூடிப்போன வண்டியின் லட்சணம்.

முன்னால் பார்த்த மெக்கானிக்குகளில் ஒருவர் லீன் (பெட்ரோல் குறைவு) என்று சொன்னாராம், இன்னொருவர் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று அடித்துச் சொன்னாராம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அவர்கள் சொன்னது கார்ப்பின் வேறு வேறு பகுதிகளைப் பற்றி, அவ்வளவுதான்.

யார் எப்போது ஊற்றுகிறார்கள்

விஎம் வகை கார்ப்பில் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து பெட்ரோல் வேறு வேறு வழிகளில் வருகிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பார்த்துக்கொள்ளும். பைலட் ஜெட்டைச் சிலர் ஸ்லோ ஜெட் என்பார்கள். அதற்கு மேல் கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறி வழியைத் திறக்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு முடிவு செய்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் வரை, கூம்பு வடிவ நீடிலும் அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. எல்லைகள் இப்படிக் கோடு கிழித்த மாதிரி இருக்காது, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கிடக்கும். ஆனாலும் குறை கண்டுபிடிக்க இந்தக் கணக்கு போதும்.

சோக் விஷயம் தனி. இந்தக் கார்ப்பில் சோக் என்பது காற்றை அடைக்கும் தட்டு இல்லை. தனியாக ஒரு பெட்ரோல் வழி, லீவரைத் தூக்கினால் திறக்கும். சூடான எஞ்சினும் சோக் இருந்தால்தான் அணையாமல் ஓடுகிறது என்றால், பைலட் வழியில் வரவேண்டிய பெட்ரோல் வரவில்லை, அந்தப் பற்றாக்குறையை சோக் வழி ஈடு கட்டுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு குறிப்பே பாதி நோயைச் சொல்லிவிட்டது.

கரி பிடித்த பிளக் மட்டும் குழப்பியது. ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, கழற்றிப் பார்த்த பிளக் அது. அது சொல்வது கடைசி அரை மணி நேரம் வண்டி எப்படி ஓடியது என்பதை. அதை வைத்து ஐட்லிங்குக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இது என்று நினைக்கிறேன்.

கார்ப்பைத் தொடுவதற்கு முன்

கார்ப் மேல் பழி போடுவது சுலபம், பழைய புல்லட்டில் பாதி நேரம் அது பொய்ப் பழி. அதனால் மற்றவற்றை முதலில் பார்த்தோம். பாயின்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.5-க்கு மேல் திறந்திருந்தது, சரி செய்தோம். டாப்பட்டில் புஷ்ராடு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விரலால் சுழற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அது சரியாகவே இருந்தது. ஏர் ஃபில்டரில் அழுக்கு இருந்தது, அடைப்பு இல்லை.

காற்று கசிகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். வண்டியை சோக்கோடு ஓடவிட்டு, கார்ப்புக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தோம். எங்காவது கசிவு இருந்தால் எஞ்சின் சத்தம் உடனே மாறும். மாறவில்லை. பாயின்டைச் சரி செய்ததில் கிக்கருக்குக் கொஞ்சம் இசைந்து கொடுத்தது, மற்ற குறைகள் அப்படியே இருந்தன. சரி, இனி கார்ப்தான்.

கழற்றுவதற்கு முன் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். மெதுவாக உள்ளே முறுக்கி, எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விஎம் வகையில் இந்த ஸ்க்ரூ காற்றை அளப்பது. உள்ளே போனால் ரிச், வெளியே வந்தால் லீன். வழக்கமாக ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றில் இருக்கும். இந்த வண்டியில் அது முழுக்க மூடியிருந்தது, மேற்கொண்டு கால் சுற்று கூட உள்ளே போகவில்லை. ஐட்லிங் ஸ்க்ரூவோ ஸ்லைடைத் தேவைக்கு மேல் தூக்கி வைத்திருந்தது. முன்னால் பார்த்தவர் பைலட் அடைப்பைக் கண்டுபிடிக்காமல், காற்றை முழுக்க அடைத்து, ஸ்லைடைத் தூக்கி, வண்டியை எப்படியோ ஐட்லிங்கில் ஓட வைத்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் கொஞ்ச நாள்தான் தாங்கியிருக்கிறது.

திறந்தபோது

டாங்க் அடியிலுள்ள பெட்ரோல் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, கார்ப்பின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலில் இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தால் அடியில் என்ன தேங்குகிறது என்று தெரியாது. டம்ளரைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தபோது அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் நீண்ட நாள் நின்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே இறங்கிவிடும். பவுலின் அடிதான் ஜெட்டுகள் உறிஞ்சும் இடம். பவுலின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது, பித்தளை பாகங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

மெயின் ஜெட் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்பதால் கழற்றுவது சுலபம். முகத்தில் 90 என்று எண் தெளிவாகவே இருந்தது. துளையை வெளிச்சத்தில் வைத்து நகைக்கடை லென்ஸில் பார்த்தால் விளிம்பு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நீள்வட்டமாகத் தேய்ந்து, உள்ளே நீளவாக்கில் கீறல்கள். யாரோ கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. பித்தளை மெத்தென்ற உலோகம், இரும்புக் கம்பி அதை அரம் போட்டு ராவுவது போலத்தான் ராவும்.

கம்பி ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 0.90 மி.மீ. துளை 0.95 ஆனால் விட்டத்தில் கூடியது வெறும் 0.05 மி.மீ., கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பரப்பளவில் 11 சதவீதம் கூடிவிடும். எண் மட்டும் பழைய எண்ணாகவே இருக்கும். அடுத்து வரும் மெக்கானிக் அந்த எண்ணைப் பார்த்து, ஜெட் சரியாக இருக்கிறது என்று நம்பி வேறு எங்கோ தேடுவார்.

மெயின் ஜெட்டை எடுத்ததும் நீடில் ஜெட் மேல்பக்கமாக, ஸ்லைடு ஓடும் குழிக்குள் தள்ளினால் வந்துவிடும். மரத்துண்டால் தள்ள வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் கூடாது. இதன் வாயும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புல்லட் ஒற்றை சிலிண்டர், அதிர்வு சொல்ல வேண்டியதில்லை. நீடில் வருடக்கணக்கில் இந்த வாயில் உரசி ஆடிக்கொண்டே இருக்கும். நீடிலில் அந்த உரசலின் பளபளப்பான பட்டை தெரிந்தது. நடு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலேட்டர் பாதி திறந்த நிலையில், மைலேஜ் போன வழி இதுதான்.

பைலட் ஜெட்

இதற்குத்தான் நேரம் போனது. பைலட் ஜெட் ஒரு குறுகிய குழிக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், தலையில் ஒரு வெட்டு. அந்த வெட்டில் ஏற்கனவே தவறான திருப்புளி போட்டு முயன்றிருந்தார்கள். இரண்டு உதடும் சிதைந்து வெட்டு ஏறக்குறையக் குழியாகிவிட்டிருந்தது. குழியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மரையோடு சேர்த்து இறுகிக் கிடந்தது. டார்ச் அடித்தால் துளையில் வெளிச்சம் தெரியவில்லை.

முதலில் துருக்கழற்றும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் கார்ப் உடலை வெந்நீரில் போட்டோம். அதற்கு முன் ஃப்ளோட், ரப்பர், ஓ-ரிங், ஸ்லைடு எல்லாவற்றையும் கழற்றி, பெட்ரோல் வாடை போகும்வரை கழுவி, அடுப்பை விட்டுத் தள்ளித்தான் இதைச் செய்ய வேண்டும். வார்ப்பு உடல் பித்தளையைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும். வித்தியாசம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான், ஆனால் களிம்பின் பிடியை உடைக்க அது போதும். கேஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பவுல் உட்காரும் முகம் வளைந்தால் அதற்குப் பிறகு எந்த கேஸ்கட் போட்டாலும் ஒழுகும்.

வெட்டு போய்விட்ட ஜெட்டுக்குக் கடையில் விற்கும் திருப்புளி எதுவும் ஒத்துவராது. பழைய திருப்புளி ஒன்றின் நுனியை கிரைண்டரில் பிடித்து, குழிக்குள் இறங்கும் அகலத்துக்கு இழைத்தோம். நுனி கூம்பாகப் போகாமல், கடைசி சில மில்லிமீட்டர் ஒரே தடிமனாக, முனை கூராக. கிரைண்டரில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், நுனி நீலம் பாய்ந்துவிட்டால் எஃகு மெத்தென்று ஆகிவிடும். கார்ப்பை வைஸில் பிடிக்கவில்லை. பலகையில் அதன் உருவத்துக்குக் குடைந்து, சூட்டோடு துணி சுற்றி உட்கார வைத்து, வண்டிக்காரர் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். திருப்புளியைப் பழைய வெட்டுக்குச் சரியாக நேரே நிறுத்தி, சின்ன சுத்தியால் நேர்குத்தாகத் தட்டினோம். தட்டுவதில் இரண்டு வேலை நடக்கிறது. நுனி பித்தளையில் புதிதாக ஒரு வெட்டைப் பதிக்கிறது, அந்த அதிர்ச்சியில் மரையிலுள்ள களிம்பும் பொடிகிறது.

அப்புறம் திருப்பும்போது முதலில் கழற்றும் பக்கம் போகவில்லை. இறுக்கும் பக்கம் இம்மி அளவு ஓர் அழுத்து. பல இடங்களில் இறுகிய மரை முதலில் அசைவது அந்தப் பக்கம்தான். இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்தியதில் சின்னதாக ‘கிறிக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“அண்ணே, உடைஞ்சிடுச்சா?” என்றார் வண்டிக்காரத் தம்பி.

“உடைஞ்சா இப்படிக் கேக்காது. கையை எடுக்காத, அழுத்திப் பிடி.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்று பின்னே வந்து, நிதானமாக எடுத்தோம். வெளியே வந்த ஜெட்டின் உடலில் இருக்கும் பக்கவாட்டுத் துளைகளில் பாதி பச்சையாக அடைந்திருந்தன. கார்ப்பின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பெரிய விஷயம். ஜெட் சில பத்து ரூபாய்ச் சாமான், மரை போனால் உடலையே மாற்ற வேண்டும். இது வராமல் போயிருந்தால் அடுத்த வழி இடது சுற்று ட்ரில் பிட். அது துளைத்துக்கொண்டே கழற்றும் பக்கம் சுற்றும். அந்த வேலையைக் கைத்துளைப்பானில் செய்யாமல் லேத் வைத்திருப்பவரிடம் கொடுப்பது நல்லது.

பைலட் வழிகளைச் சுத்தம் செய்வதற்கு ஏர் ஸ்க்ரூவையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றியே ஆக வேண்டும். கார்ப் கிளீனரைப் பைலட் குழியில் அடித்தால் ஸ்லைடுக்கு முன்னால் தரையில் இருக்கும் பொடித் துளைகள் வழியாகப் பீச்ச வேண்டும். முதலில் ஒன்றில்தான் வந்தது. ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டதும் அடுத்ததும் திறந்தது. எதையாவது நுழைத்தே தீர வேண்டும் என்றால் தூண்டில் நரம்பு. அது பித்தளையைக் கீறாது.

ஊசி போடும் சிரிஞ்சில் ஒரு சோதனை

“கார்ப் கிட் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் மொத்தமா மாத்திடலாமேண்ணே?” என்று வண்டிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெட், கேஸ்கட் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும் கிட் ஒன்று ஏற்கனவே அவர் கையில் இருந்தது. அதிலும் மெயின் ஜெட்டில் 90 என்று எண் குத்தியிருந்தது.

ஜெட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமால் ஜெட்டில் இருக்கும் எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாய்கிறது என்பது. துளையின் விட்டத்தை வைத்து எண் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அதனால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிட முடியாது. போலி ஜெட்டில் இருக்கும் எண்ணுக்கோ அர்த்தமே கிடையாது. விட்டம் சரியாக இருந்தாலும் துளையின் வாய் சாய்த்து வெட்டியிருக்கிறதா, உள்ளே வழவழப்பாக இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பாய்ச்சல் மாறும். எனவே அளக்க வேண்டியது பாய்ச்சலைத்தான்.

மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியில் ஒரு சாண் ரப்பர் ட்யூப் மாட்டி, ட்யூபின் மறுமுனையில் ஜெட்டைச் செருகினோம். சிரிஞ்சை ஆணியில் நேராக மாட்டி, தண்ணீரை நிரப்பி, 50 கோட்டிலிருந்து 10 கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி என்று பார்த்தோம். பெட்ரோலில் பார்த்தால் இன்னும் சரியாக இருக்கும், ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தண்ணீரே போதும், வீட்டைக் கொளுத்தும் அபாயமும் இல்லை. எல்லா ஜெட்டுக்கும் ட்யூபின் நீளமும் சிரிஞ்சின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், ட்யூபில் காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது.

ஜி.பி. ரோட்டில் தேடி வாங்கிய அசல் 90 ஜெட்டில் 41 விநாடி. கம்பி குத்தப்பட்ட பழைய 90-இல் 34 விநாடி. அதாவது 20 சதவீதம் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது. கிட்டில் வந்த 90-இல் 37 விநாடி. இன்னொரு கிட்டைப் பிரித்து அதிலிருந்த 90-ஐப் போட்டால் 44. ஒரே எண், ஒரே மாதிரி பாக்கெட், ஒன்று ரிச், ஒன்று லீன். வண்டிக்காரர் இரண்டு கிட்டையும் ஒரு கவரில் போட்டு ஓரமாக வைத்துவிட்டார். அதிலிருந்த பவுல் கேஸ்கட்டையும் ஓ-ரிங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சிரிஞ்ச் சோதனை பைலட் ஜெட்டுக்கு அவ்வளவாக உதவாது. துளை அவ்வளவு பொடி, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பழைய பைலட்டில் எண் 25 என்று இருந்தது. அசல் 25 ஒன்றை வாங்கி, லென்ஸில் துளை வட்டமாக இருப்பதைப் பார்த்துப் போட்டோம். நீடிலும் நீடில் ஜெட்டும் ஜோடியாக மாற்ற வேண்டியவை. தேய்ந்த நீடில் ஜெட்டில் புது நீடிலை விட்டால் காசு போனதுதான் மிச்சம்.

பூட்டுவது

பித்தளை ஜெட்டை வார்ப்பு உடலில் இறுக்குவதற்கு பலம் வேண்டாம். விரலால் திருகி உட்கார்ந்ததும் கருவியால் லேசாக ஓர் அழுத்து, அவ்வளவுதான். இந்த பைலட் ஜெட் அப்படி இறுகியதற்குக் களிம்பு பாதிக் காரணம், யாரோ தோள் பலத்தைக் காட்டியது மீதிக் காரணம்.

ஃப்ளோட் உயரத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கார்ப்பைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டைத் தாங்கும் கைகள் கேஸ்கட் உட்காரும் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நாக்கை இம்மி வளைத்துச் சரி செய்தோம். பவுலில் பெட்ரோல் மட்டம் தப்பாக இருந்தால் எந்த ஜெட்டைப் போட்டும் பயனில்லை, எல்லா நிலைகளிலும் கணக்கு தவறும்.

ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று. நீடில் கிளிப் நடு வெட்டில். ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு உதைத்ததில் எடுத்துக்கொண்டது. சூடானதும் சோக்கை எடுத்தோம், அணையாமல் ஓடியது. ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி எஞ்சின் வேகம் அதிகமாக இருக்கும் இடத்தைத் தேடினால் ஒன்றேகால் சுற்றில் கிடைத்தது. அந்த இடம் ஒரு சுற்றுக்குள் வந்தால் பைலட் ஜெட் சிறிது, இரண்டரைக்கு மேல் போனால் பெரிது. ஒன்றேகால் என்றால் 25 இந்த வண்டிக்குப் பொருத்தம். ஐட்லிங் ஸ்க்ரூவைப் பழையபடி இறக்கியதும், டுக்கு... டுக்கு... என்று ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக எண்ணும் அளவுக்கு நிதானமாக ஓடியது.

ரோட்டில்

ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு, ஈ.சி.ஆரில் விடியற்காலையில் ஓட்டினோம். அந்த நேரத்தில்தான் முழு த்ராட்டிலில் கொஞ்ச தூரம் போக இடம் கிடைக்கும். வெடிச்சத்தம் நின்றுவிட்டது. கறுப்புப் புகையும் இல்லை. ஆனால் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் பிடித்திருந்தால் எஞ்சின் லேசாக ஏறி இறங்கிற்று. சோக்கை இம்மி தூக்கினால் அந்த ஆட்டம் நின்றது, அப்படியென்றால் லீன். முழு த்ராட்டிலிலிருந்து கையைச் சற்றே தளர்த்தினால் வண்டி குறைவதற்குப் பதிலாக ஒரு துளி கூடுதலாக இழுத்தது. இதுவும் லீன், மெயின் ஜெட் பக்கம்.

அசல் ஜெட், அசல் எண், தேய்மானம் எதுவும் இல்லை, அப்புறம் ஏன் லீன்? இந்த வண்டிக்கு ஜெட் எண்ணை முடிவு செய்த காலத்தில் பெட்ரோல் என்றால் வெறும் பெட்ரோல்தான். இன்று பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 10 சதவீதக் கலப்பு 2022-இல் நாடு முழுக்க எட்டப்பட்டது, 20 சதவீதம் 2023-இல் சில பங்குகளில் தொடங்கி இப்போது பெரும்பாலும் எங்கும் அதுதான். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டையும் ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு ஒன்று என்று கலந்தால் சுமார் 13.5 வரும். அதே காற்றுக்கு எட்டு சதவீதம் போலக் கூடுதல் பெட்ரோல் தேவை. புது வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் திருத்திக்கொள்கிறது. புல்லட்டில் அதைத் திருத்துவது ஸ்க்ரூடிரைவர்தான்.

முதலில் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினோம், அதாவது நீடில் ஒரு படி மேலே ஏறும். 55-இல் வந்த ஆட்டம் நின்றது. மெயின் ஜெட்டுக்கு அசல் 95 வாங்கிச் சிரிஞ்சில் போட்டுப் பார்த்ததில் 38 விநாடி. 90-ஐவிட எட்டு சதவீதம் கூடுதல், தேவையும் அதேதான். இவ்வளவு சரியாக அமைந்தது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன், எல்லாருக்கும் 95 என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை. 37 விநாடி காட்டிய அந்தக் கிட் 90, அசல் 95-ஐவிடக் கூடுதலாக ஊற்றும் ஜெட்.

95 போட்டதும் முழு த்ராட்டிலில் கையைத் தளர்த்தினால் வேகம் குறைகிறது, குறைய வேண்டியதுதான். முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டிப் பார்த்த பிளக்கின் பீங்கான் இளம் பழுப்பில் இருந்தது. மைலேஜ் 24-லிருந்து 31-க்கு வந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், இந்தப் பெட்ரோலில் அப்பா காலத்துக் கணக்கைத் தொட முடியாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பினாரா தெரியாது.

வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விடுவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, பவுலின் அடியிலிருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து உள்ளே இருப்பதை வடித்துவிடச் சொன்னேன். மழைக்காலத்தில் இன்னும் முக்கியம். எஞ்சினை ஓடவிட்டே பவுலைக் காலி செய்யலாம் என்பார்கள், ஆனால் அடியில் தேங்கிய தண்ணீர் அப்படிப் போகாது.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குப் போகும்போது, குறிப்பாக இரண்டாம் கியரில் வேகத்தடை தாண்டி எடுக்கும்போது, ஒரு கணம் தயங்குகிறது. பைலட் சரி, நீடில் சரி, அந்த இடத்தின் பொறுப்பு ஸ்லைடுக்கு. கழற்றிப் பார்த்தபோதே ஸ்லைடின் எஞ்சின் பக்க முகத்தில் வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது, குழிக்குள் விட்டு ஆட்டினால் கலகலவென்று ஆடியது. அந்த இடைவெளியில் காற்று கூடுதலாக நுழைகிறது. புது ஸ்லைடு போட்டால் பாதி தீரும். குழியும் தேய்ந்திருக்கும் என்பதால் முழுதாகத் தீராது. தம்பி இப்போதைக்கு அந்த இடத்தில் கையைக் கொஞ்சம் நிதானமாகத் திருப்பி ஓட்டுகிறார். அதே சரிவு எண்ணுள்ள அசல் ஸ்லைடு ஒன்று புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறது.